பிள்ளையை மீட்கும் அப்பா: ஒரு சினிமாக் கதையின் பூர்வீகம்

1874 ஜூலை 1. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் குதிரைவண்டியில் வந்த இருவர், முன்பே மிட்டாய் கொடுத்துப் பழக்கிவைத்திருந்த இரண்டு சிறுவர்களை ஏற்றிக்கொண்டார்கள். சுதந்திர தினத்துக்கு வெடி வாங்கிக்கொள் என்று அண்ணன் கையில் சில்லறை கொடுத்துக் கடைக்குள் அனுப்பினார்கள். அவன் வெடியோடு திரும்பியபோது வண்டி போயிருந்தது; நான்கு வயதுத் தம்பி சார்லி ராஸும் போயிருந்தான். 20,000 டாலர் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. சந்தேகிக்கப்பட்ட இருவரும் அந்த டிசம்பரில் நியூயார்க் பக்கம் ஒரு வீட்டில் திருடப் போய்ச் சுடப்பட்டு இறந்தார்கள். அப்பா கிறிஸ்டியன் ராஸ் 1897இல் தாம் சாகும்வரை மகனைத் தேடினார். கிடைக்கவில்லை.

கடத்தப்பட்ட பிள்ளையை மீட்க ஒற்றை ஆளாகக் கிளம்பும் அப்பாவின் கதையை இங்கிருந்து பார்த்தால்தான் அதன் ஆழம் புரியும். அந்தக் கதையைச் சொல்லும் படங்களில் நாம் ‘நம்பவே முடியவில்லை’ என்று சொல்லும் இடங்கள் எவை? கடத்தியவன் யார் என்று அப்பாவுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஒரு துப்பு கிடைத்துவிடும். நேரம் கடப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். கிறிஸ்டியன் ராஸுக்கு வாய்க்காதவை இந்த மூன்றும்தான்.

சினிமா தவழத் தொடங்கிய காலத்திலேயே இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டது. 1905இல் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ ஏழு நிமிடம்கூட ஓடாது. பிச்சைக்காரி ஒருத்தி தூக்கிச்சென்ற குழந்தையை வீட்டு நாய் ஆற்றை நீந்திக் கடந்து கண்டுபிடித்து, அப்பாவை அங்கே அழைத்துப் போகிறது. ஹெப்வொர்த்தும் மனைவியும் கைக்குழந்தையும் அவர்கள் வீட்டு நாயும் அதில் நடித்தார்கள். பிரதிகள் அவ்வளவு விற்றதில் நெகட்டிவ் தேய்ந்துபோய், படத்தை மேலும் இரண்டு முறை முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. 1908இல் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய முதல் படமும் இதே கதைதான். ஜிப்சி ஒருவன் பீப்பாயில் அடைத்த சிறுமி ஆற்றோடு மிதந்து, அருவியிலும் விழுந்து, பத்திரமாகப் பெற்றோரிடம் வந்து சேர்கிறாள்.

பிச்சைக்காரி, ஜிப்சி. பிள்ளை பிடிப்பவர்கள் நாடோடிகள் என்ற பழியை இந்தப் படங்கள் யோசிக்காமல் தூக்கிச் சுமந்தன. வரலாற்றில் நடந்தது நேர்மாறு. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 18ஆம் நூற்றாண்டில் ‘ஜிப்சி’ என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் குழந்தைகளைப் பறித்துப் பிற குடும்பங்களில் வளர்க்க ஆணையிட்டார். சுவிட்சர்லாந்தில் 1926 முதல் 1973 வரை, ‘ப்ரோ யுவென்டூட்’ என்ற குழந்தை நல அமைப்பு ஏறக்குறைய 600 யெனிஷ் நாடோடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. அந்தப் பெற்றோரின் துயரத்தை எந்த ஆக்‌ஷன் படமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

1932 மார்ச் 1 இரவு, விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தை நியூ ஜெர்சி வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டது. 50,000 டாலர் கொடுத்த பிறகும், மே மாதத்தில் உடல்தான் கிடைத்தது. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்தவர், அன்றைய உலகின் மிகப் பெரிய நாயகர்களில் ஒருவர், அவராலேயே முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934இல் ஹிட்ச்காக் பிரிட்டனில் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ எடுத்தார். அதில் கூரைமேல் மகளை நெருங்கும் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்துவது அம்மா. போலீஸ்காரர் குறிபார்க்கத் தயங்கி நிற்க, துப்பாக்கிப் போட்டிகளில் பெயர் பெற்ற அவர் துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறார். 1956இல் ஹிட்ச்காக்கே அதை ஹாலிவுட்டில் மீண்டும் எடுத்தபோது, அம்மா துப்பாக்கி ஏந்தவில்லை, பாடுகிறார். அந்தப் பாட்டைக் கேட்டு, அடைபட்டிருக்கும் மகன் விசிலடிக்கிறான். அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் அம்மாவின் கையிலிருந்து துப்பாக்கி போனது பெரிய இழப்பு.

அது அப்பாக்களிடம் போய்ச் சேர்ந்தது. 1985இல் ‘கமாண்டோ’வில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், மேலெழும் விமானத்தின் சக்கரத்தில் தொங்கிச் சதுப்பு நிலத்தில் குதித்து, பதினோரு மணி நேரத்துக்குள் மகளை மீட்கத் தனியாளாக ஒரு படையையே அழிக்கிறார். 2008இல் லுக் பெஸ்ஸோன் தயாரித்து, ராபர்ட் மார்க் கேமனுடன் சேர்ந்து எழுதிய ‘டேக்கன்’ வந்தது. லியாம் நீசனுக்கு இங்கே 96 மணி நேரம், ஊர் பாரிஸ். சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம் 22 கோடிக்கு மேல் வசூலித்தது. ஜிப்சி இருந்த இடத்தில் இப்போது அல்பேனியக் கும்பல்.

இதை நிஜமென்று நம்பவும் பலர் தயாராக இருந்தார்கள். ‘டேக்கன்’ தன் வாழ்க்கைக் கதை, தன் மகளையே கடத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டு, ஓய்வுபெற்ற ராணுவக் கர்னலாக ஒருவர் அமெரிக்காவில் பாடம் நடத்திச் சம்பாதித்தார். அவர் ராணுவத்திலேயே இருந்ததில்லை. 2011இல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார்.

தமிழில் இந்தக் கதையை மண்ணுக்குக் கொண்டுவந்தது 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’. சந்தானபாரதி இயக்கம், கதை கமல்ஹாசன். மகளைத் தேடிக் கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் ஒரு வீட்டுக்குப் போகும் கும்பகோணத்துப் பக்கத்து அப்பா அங்கே படையை அழிப்பதில்லை, அடிதான் வாங்குகிறார். பழிவாங்கலெல்லாம் பிறகு வருகிறது. மகளை அவரோடு அனுப்பிவைப்பது, தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுக்க முன்வரும் அந்த வீட்டுப் பெண்கள்.