சமாதானத்துக்காகக் கைம்மாறிய அரசி

துன் பேராக் என்ற பெயரைத் தேர்வுக்காக நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். 1456 முதல் 1498 வரை மலாக்காவின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, விளங்கிய மேதை அவர். அந்தப் பதவி அவர் கைக்கு எப்படி வந்தது? அங்கேதான் அவருடைய சகோதரி துன் குடுவின் கதை ஒளிந்திருக்கிறது. பிரான்சு தேசத்து அரண்மனைச் சீமாட்டிகளின் கதையை விரும்பிப் படிக்கிறோமே, அதற்கு இது சளைத்ததன்று.

இவர்களின் தந்தை ஸ்ரீ வாக் ராஜாவும் பெண்டஹாராவாக இருந்தவர்தாம். சுல்தான் முசாபர் ஷாவுக்குத் தம்மீது வெறுப்பு என்று எண்ணி நஞ்சுண்டு மாண்டார். பதவி துன் அலியிடம் போயிற்று. துன் அலி யார் தெரியுமா? தென்னிந்திய முஸ்லிம் வழி வந்தவர், சுல்தானுக்குத் தாய்மாமன், மருமகனை அரியணையில் ஏற்றியவரும் அவரே.

துன் பேராக் அப்போது நம்ம கோல சிலாங்கூருக்குத் தெற்கே, கிள்ளானில் தலைவராக இருந்தார். சயாமியர் படையெடுத்து வந்தபோது கிள்ளான் ஆட்களைப் பெண்டு பிள்ளைகளோடு மலாக்காவுக்கு அழைத்துப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, குடும்பம் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்கள் உயிரைக் கொடுத்துப் போராடுவார்கள் என்றாராம். சுல்தானுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அவரை அரண்மனையிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? பெரிய மனிதர்கள் இரண்டு கட்சியானார்கள்.

பகையைத் தீர்க்க நினைத்த சுல்தான், துன் அலிக்கு ஒரு பெண்ணை மணமுடித்து வைக்க முன்வந்தார். துன் அலி கேட்டது யாரை? சுல்தானின் மனைவியாகவே இருந்த துன் குடுவை! மருமகன் பெண்டாட்டியை மாமன் கேட்பதாவது என்று நம் பாட்டிமார் வாயில் அடித்துக்கொள்வார்கள். சுல்தானோ மணவிலக்குச் செய்து கொடுத்தே விட்டார். துன் அலி பதவியை விட்டு இறங்கினார். துன் பேராக் பெண்டஹாரா ஆனார்.

கிழவருக்கு இந்த வயதில் இளம் மனைவியா என்று உறவினர் துன் அலியைக் கேலி செய்ததைக்கூட ‘செஜாரா மெலாயு’ விட்டுவிடாமல் எழுதுகிறது. துன் குடு சம்மதித்தாரா, அழுதாரா, அதைப் பற்றி மூச்சே இல்லை. எனக்கு இதுதான் மனத்தை உறுத்துகிறது.

புது மணத்தில் துன் குடுவுக்குத் துன் முத்தாகிர் என்ற மகனும், துன் செனாஜா என்ற மகளும் பிறந்தார்கள். மகன் 1500இல் பெண்டஹாரா ஆனார். மகளோ சுல்தான் அலாவுதீனை மணந்து சுல்தான் மாமுட்டைப் பெற்றார். 1510இல் ஒரு பொய்க் குற்றச்சாட்டை நம்பி, அந்த மாமுட்டே தம் தாய்மாமன் முத்தாகிரைக் கொல்ல ஆணையிட்டார். மறுவருடம் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்.