கோடி என்றொரு எல்லை

ஒரு கோடி என்பது 1-க்குப் பின் ஏழு சுழியம். அதை உடைத்துப் பார்த்தால் ஏழு இரண்டுகளும் ஏழு ஐந்துகளும்தான் இருக்கும். மூன்றாலும் வகுபடாது, ஏழாலும் வகுபடாது. அதன் வகுஎண்கள் மொத்தம் 64. கோடிக்குச் சற்றுக் கீழே 86,48,640 என்றோர் எண் இருக்கிறது. அதற்கு 448 வகுஎண்கள்! தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்களை உடைய இத்தகைய எண்களைத் தனி இனமாகப் பிரித்து, 1915-இல் நீண்ட கட்டுரை எழுதியவர் கும்பகோணத்தில் படித்து வளர்ந்த இராமானுஜன். அந்த இனத்தில் கோடிக்கு இடமில்லை. ஆனாலும் தனிப்பெயர் வாய்த்தது கோடிக்குத்தான். காரணம், அது நின்ற இடம்.

கோடி என்றால் முனை, கடைசி. தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோம். கரை சட்டென்று மடங்கும் இடத்தில் கோடியக்கரை இருக்கிறது. கோடுதல் என்றால் வளைதல், கோடு என்றால் கொம்பு. உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் இச்சொல் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால், “ஏரி கோடி போவுது” என்பார்கள். கொள்ளளவின் கடைசி அதுதான். அதற்குமேல் ஏரி ஒரு சொட்டும் தாங்காது.

வடமொழியிலும் கோடிக்கு இரு பொருளும் உண்டு. வில்லின் முனை தனுஷ்கோடி. பிறைநிலாவின் கொம்பும் கோடி. கி.பி. 499 வாக்கில் வாழ்ந்த ஆரியபட்டர் அடுக்கிய பத்து எண்பெயர்களில் இது எட்டாவது. லலிதவிஸ்தரம் என்ற பௌத்த நூலில் அர்ஜுனன் என்ற கணக்கறிஞன் இளவரசர் சித்தார்த்தரைச் சோதிக்கும் இடம் மிக முக்கியமானது. கோடிக்கு மேலே எண்ணத் தெரியுமா என்பதே அவன் கேள்வி. அன்றாடக் கணக்கின் வரம்பு கோடியோடு முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எந்த மொழி எதனிடம் வாங்கியது என்ற வழக்கு தனி. இடத்தைக் குறித்த சொல்லே எண்ணுக்கு ஏறியது என்பது என் முடிவு.

தமிழில் எண்ணாகவும் இது பழையதே. பிசிராந்தையார் பாடிய புறநானூற்று 184-ஆம் பாட்டில் அரசன் ஈட்டும் செல்வத்தின் அளவாகக் கோடி வருகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் பெயர்கள் நீர்நிலைக்குள் இறங்கிவிடுகின்றன. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் சுட்ட, உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று காட்டு தருகிறார்கள். கம்பர் கதையில் வானரசேனை எழுபது வெள்ளம்.

பள்ளியில் கோடியைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் சுழியங்களை எண்ணச் சொல்வதோடு நிறுத்திவிட வேண்டாம். ஏரிக்கோடியையும் ஒருமுறை காட்டுங்கள்.