பொயாய்ஸ் காணி வழக்கு

காணி வாங்குவோன் எல்லையை நேரிற் சென்று காணல் வேண்டும். உறுதியைக் கற்றார் வாயிலாக ஆராய்தல் வேண்டும். இவ்விரண்டும் எந்நாட்டார்க்கும் பொதுவான பழைய நெறிகளாம். ஆயின், காணி கடலுக்கு அப்பாற் கிடக்குமிடத்து முதலாவது நெறி கைகூடுவதில்லை. விற்போனுடைய சொல்லும் அவன் காட்டும் கடதாசியுமே வாங்குவோனுக்குச் சான்றாகின்றன. அச்சொல் பொய்யாயின் சட்டம் யாரைப் பொறுப்பாளியாக்கும்? 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வினாவை எழுப்பிய நிகழ்ச்சிகளுள் தலையாயது பொயாய்ஸ் மோசடியாகும்.

இதன் தலைவர் கிறெகர் மக்கிறெகர். 1786 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர் பிரித்தானியப் படையிற் பணிபுரிந்தபின் வெனிசுவேலா சென்று, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகச் சிமோன் பொலிவார் நடத்திய போரிற் கலந்துகொண்டு தளபதி நிலைக்கு உயர்ந்தார். 1820 ஏப்பிரிலில், மத்திய அமெரிக்காவின் மொஸ்கீற்றோக் கரையை ஆண்ட ஜோர்ஜ் பிரெடரிக் ஒகஸ்டஸ் என்னும் மன்னன் இவருக்கு ஏறக்குறைய 80 இலட்சம் ஏக்கர் நிலத்தை எழுதிக்கொடுத்தான். கறுப்பாற்றை அடுத்த அந்நிலம் இன்றைய ஹொந்துராஸ் நாட்டில் அடங்குவது.

இவ்வுறுதி போலியன்று என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மன்னன் அளித்தது நிலம், அரசுரிமையன்று. மக்கிறெகரோ 1821 இல் இலண்டன் மீண்டு, தம்மைப் பொயாய்ஸ் நாட்டின் ‘கசீக்’, அதாவது அரசர், எனப் பறைசாற்றினார். மெய்யான ஒரு பத்திரத்தின்மீது பொய்யான ஒரு நாடு கட்டப்பட்டது. முழுப் பொய்யினும் உண்மையை அடித்தளமாகக் கொண்ட பொய்யே வலியது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாம்.

1822 இல் தோமஸ் ஸ்திறேஞ்வேய்ஸ் என்பார் பெயரால் 350 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்று வெளிவந்தது. ஆண்டுக்கு மூன்று முறை சோளம் விளையும் வளநிலம், பொன்மணல் கொழிக்கும் ஆறுகள், புனித யோசேப்பு எனப் பெயரிய தலைநகர் என்பவற்றை அது விரித்துரைத்தது. ஏக்கரொன்று இரண்டு சிலிங் மூன்று பென்சு வீதம் காணி விற்கப்பட்டது. பின்னர் விலை நான்கு சிலிங் வரை ஏறிற்று. அவ்வாண்டு ஒற்றோபரில் 200,000 பவுண் கடன் திரட்டுதற்கு நூற்றுக்கு ஆறு வட்டியிற் பிணைப்பத்திரங்களும் வெளியிடப்பட்டன. கொலம்பியா, சிலி முதலிய புதிய அரசுகள் அதே சந்தையிற் கடன் பெற்றுக்கொண்டிருந்தமையால், பொயாய்ஸ் என்னும் மற்றுமொரு பெயர் எவருக்கும் ஐயத்தை விளைக்கவில்லை.

பணம் இட்டோர் இழந்தது பொருளை. குடியேறச் சென்றோர் இழந்தது உயிரை. 1822 செத்தெம்பரில் எழுபதின்மர் இலண்டனிலிருந்தும், 1823 சனவரியில் ஏறக்குறைய இருநூற்றுவர் லீத் துறையிலிருந்தும் கப்பலேறினர். தம் கைப்பொருளைக் கொடுத்து, ஸ்கொத்லாந்தில் அச்சிடப்பட்ட பொயாய்ஸ் நாணயத்தாள்களை அவர்கள் பெற்றிருந்தனர். சென்றடைந்த இடத்தில் நகருமில்லை, துறைமுகமுமில்லை, காடே இருந்தது. மழைக்காலத்துடன் காய்ச்சல் பரவிற்று. 1823 மே மாதத்தில் பெலீசிலிருந்து வந்த கப்பலொன்று அவர்களைக் கண்டு மீட்டது. தனக்குரிய அரசுரிமையை மக்கிறெகர் கவர்ந்தமை பற்றி வெகுண்ட மன்னனோ முன்னளித்த உறுதியையும் நீக்கிவிட்டான். சென்ற ஏறத்தாழ 250 பேருள் 180 பேர் வரையில் மாண்டனர். பெலீசு அதிகாரி எட்வேர்ட் கொட் விசாரணை நடத்தி அனுப்பிய எச்சரிக்கை, பின்னும் பலர் அவ்வழிச் செல்லாவண்ணம் தடுத்தது.

தப்பி மீண்டோர் மக்கிறெகர்மீது வழக்குத் தொடுப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ வேறு. அவர்களுட் சிலர் சத்தியக்கடதாசி ஒன்றிற் கையொப்பமிட்டு, குற்றம் மக்கிறெகருடையதன்று, குடியேற்றத்தை நடத்திச் சென்றவர்களுடையதே என்றனர். தம் மக்கள் இருவரைப் பறிகொடுத்த ஜேம்ஸ் ஹேஸ்ரி என்பாரும் அவர்பாற் பழிசுமத்திலர். கண்ணுக்கு எதிரே நின்று தவறிய மேற்பார்வையாளனைக் குறைகூறுதல் எளிது. தொலைவிலிருந்து இன்சொற் கூறியவனைக் குறைகூறுதற்குத் தம் அறியாமையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இதனாற்போலும் அவர்கள் அவரைக் காத்தனர்.

மக்கிறெகர் அதற்குள் பாரிசுக்குச் சென்றுவிட்டார். 1825 இல் ‘நூவெல் நெஸ்திரி’ என்னும் பிரெஞ்சுக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்து, 500,000 ஏக்கர் வரை அதன் கையில் ஒப்படைத்தார். குடியேறுவோரையும் பணமிடுவோரையும் தேடும் பொறுப்பு கம்பனிக்கே உரியதாயிற்று. ஏறத்தாழ முப்பதின்மர் இல்லாத நாடொன்றுக்குக் கடவுச்சீட்டுக் கேட்டபோது பிரெஞ்சு அதிகாரிகள் ஐயுற்றனர். லே ஹாவர் துறையிற் கப்பல் தடுத்து வைக்கப்பட்டது. 1825 திசெம்பரில் மக்கிறெகர் சிறைப்பட்டார்.

1826 ஏப்பிரிலில் விசாரணை தொடங்கிற்று. தமக்கு உரிமையில்லாத காணியை விற்கச் சதிசெய்தனர் என்பதே குற்றச்சாட்டின் சாரம். கம்பனி நெறியாளருள் ஒருவரான லெகியூபி அயல்நாட்டிற் பிடிபட்டமையால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, சூலையில் மீண்டும் எடுக்கப்பட்டது. பங்கு விற்பனையிற் பொய்யுரைத்தமைக்காக லெகியூபிக்குப் பதின்மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. மக்கிறெகர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

இவ்விரு நாட்டு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். நூற்றெண்பதின்மர் மடிந்த முயற்சிக்காக இங்கிலாந்தில் மக்கிறெகர் தண்டனை பெறவில்லை; எவரும் கப்பலேறாத முயற்சிக்கே பிரான்சில் வழக்கு நடந்தது. அவ்வழக்கிலும் தண்டனை பெற்றவர், வாங்குவோருக்கு நேரே பேசியவர். பேசுதற்குரிய பொருளைப் படைத்தவரல்லர். பொய்க்கும் அதனால் வரும் இழப்புக்கும் இடையே தரகர், கம்பனி, நூலாசிரியர் எனப் பலரை நிறுத்திவிடின் குற்றம் சிதறிப்போகின்றது. பிரெஞ்சு மக்களைக் காத்தது நீதிபதியின் தீர்ப்பன்று. கேட்ட நாடு உண்டா என வினவிய கடவுச்சீட்டு அலுவலகமே.

ஆங்கிலச் சட்டம் இக்குறையை மெல்லவே உணர்ந்தது. பொய்யென்று அறிந்தோ, மெய்யென நம்பாமலோ, மெய்பொய் பற்றிய அக்கறையின்றியோ கூறியதே வஞ்சனையாகும் என 1889 இல் டெரி எதிர் பீக் வழக்கிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கூறியவனது உள்ளத்தை மெய்ப்பிக்கும் பாரம் அதனால் ஏமாந்தவன்மேல் விழுந்தது. மறு ஆண்டே இயற்றப்பட்ட நெறியாளர் பொறுப்புச் சட்டம், பங்கு விளம்பரத்திற் பொய்யுரை காணப்படின், அதனை நம்புதற்குத் தக்க காரணம் இருந்தமையை நெறியாளரே காட்டுதல் வேண்டும் என விதித்தது.

மக்கிறெகர் 1837 வரையும் பொயாய்ஸ் திட்டங்களைக் கைவிடவில்லை. பின்னர் வெனிசுவேலா மீண்டு, தளபதிக்குரிய ஓய்வூதியம் பெற்று, 1845 இல் கரக்காசில் இறந்தார். காணாத நிலத்தைப் பற்றிப் பேசுபவனே தன் சொல்லுக்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நீதி சட்டமாதற்குப் பொயாய்ஸ் குடியேற்றக்காரர் மாண்டபின் 67 ஆண்டுகள் கழிந்தன. சட்டம் பின்னே வருவது. ஆராய்ச்சியே முன்னே செல்லுதற்குரியது.