கோயிலில் முடிவான வட்டி

இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1இல் பணியைத் தொடங்கியபோது பர்மாவும் அதன் எல்லைக்குள் இருந்தது. அந்த நவம்பரில் வங்கி விகிதம் 3 சதவீதமானது. அதன் பிறகு 1951 நவம்பர் வரை அது அசையவே இல்லை. ரங்கூன் மொகல் தெருவிலோ வேறொரு வழக்கம் வெகுநாளாக ஊன்றியிருந்தது. அங்கே வட்டித்தொழில் செய்த நகரத்தார் மாதம் ஒருமுறை தங்கள் கோயிலில் கூடி, தமக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஐராவதிப் படுகையின் நெல் விவசாயி வாங்கிய கடனின் வட்டி இந்த நடப்பு வட்டியை ஒட்டித்தான் ஏறி இறங்கியது. மத்திய வங்கி அறிவித்த விகிதம் அவர் வயல்வரை போய்ச் சேர வழியே இல்லை. வட்டியை மாற்றிப் பொருளாதாரத்தை நடத்த வேண்டுமானால் அந்த வட்டி கைமாறிச் செல்ல ஒரு சந்தை வேண்டும். அது இல்லாத இடத்தில் மத்திய வங்கி கட்டுப்பாடுகளைக் கையிலெடுத்ததை வெறும் அதிகார ஆசை என்று சொல்லிவிட முடியாது என்பதே என் வாதம்.

சந்தையை இணைக்கும் முயற்சி நடக்காமலில்லை. 1937இல் ரிசர்வ் வங்கி பாரம்பரியமாக வட்டித்தொழில் செய்வோருக்கு ஒரு திட்டத்தை முன்வைத்தது: வணிகத்தை விட்டு வங்கித்தொழிலை மட்டும் செய்யுங்கள், கணக்கைத் தணிக்கைக்குக் காட்டுங்கள், உங்கள் உண்டியல்களின் (கடன் சீட்டுகளின்) பேரில் எங்களிடம் பணம் பெறலாம். அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததில் நியாயமும் இருந்தது. நெல்லும் நிலமும் வட்டியும் ஒரே பேரேட்டில் ஓடிய தொழிலை இரண்டாகக் கிழிக்கச் சொன்னால் யார் ஒப்புவார்கள்? ஆனால் அந்த மறுப்போடு, நாட்டில் புழங்கிய கடனில் பெரும்பகுதி மத்திய வங்கியின் கைக்கு எட்டாமலே நின்றுவிட்டது. 1952இல் வந்த உண்டியல் சந்தைத் திட்டமும் வங்கிகளோடு நின்றது.

கட்டுப்பாடுகள் வளர்ந்ததற்குச் சந்தையின் குறை காரணமில்லை, அரசின் பணத்தேவைதான் காரணம் என்பார்கள். இதில் உண்மை உண்டு. 1955 முதல், அரசின் இருப்பு குறைந்தால் கருவூல உண்டியல்கள் தாமாகவே பிறந்தன. ரிசர்வ் வங்கி அவற்றை வாங்கிப் பணம் கொடுத்தது. 1990இல் வங்கிகள் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு 15 சதவீதம், சட்டப்படி வைக்க வேண்டிய நீர்மைச் சொத்து 38.5 சதவீதம்: வைப்பில் பாதிக்குமேல் பூட்டப்பட்டிருந்தது. இவ்வளவு பூட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அரசின் பேராசையை மட்டும் குற்றம் சொன்னால் ஒன்று விளங்காமல் போகும். 1997இல் அந்த உண்டியல் ஏற்பாட்டை நிறுத்திய பிறகும் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டி, உடனே ஆளத் தொடங்கிவிடவில்லை. அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும் சந்தை முதலில் வளர வேண்டியிருந்தது. 2000 ஜூனில்தான் அன்றாடம் வங்கிகளுக்குப் பணம் தந்து வாங்கும் ஏற்பாடு வந்தது. அன்றும் அந்த விகிதம் நேராகத் தொட்டது வங்கிகளைத்தான். ஊரின் வட்டிக்கடைக்காரர் தம் வட்டியைத் தாமே முடிவு செய்துகொண்டிருந்தார்.