பயிற்சித் திடலும் பருகும் நீரும்

போர்க்களத்தில் வீழ்ந்த எறிகணைகளைப் பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். போருக்கு ஆயத்தமாகும் பொருட்டு ஆளற்ற நிலத்தில் ஆண்டுக்கணக்காக எறியப்பட்டவை அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, கேப் கொட் எனும் குடாநாட்டில் அமைந்த எட்வேட்ஸ் முகாம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே அப்பிரதேசம் இராணுவப் பயிற்சிக்குப் பயன்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கு பயிற்சி உச்சநிலையை எய்தியது. பீரங்கிகளும் சிறுபீரங்கிகளும் ஒரே இலக்குப் பரப்பை நோக்கிப் பல்லாண்டுகள் முழங்கின. அந்நிலமோ பண்டைய பனிக்கட்டியாறுகள் விட்டுச்சென்ற மணலும் பரலும் கொண்டது. மழைநீர் தடையின்றி அதனூடே இறங்கும். கீழே தேங்கும் நீரே சுற்றுப்புற ஊர்களான போர்ண், சண்ட்விச், பல்மத், மஷ்பி ஆகியவற்றின் குடிநீர். 1982 இல் அக்குடாநாட்டின் நிலத்தடி நீர்ப்படுகை, மக்களுக்கு வேறு ஆதாரமற்ற தனி நீர்மூலமென நடுவணரசினால் அறிவிக்கப்பட்டது. எனினும் திடலில் வெடியோசை ஓயவில்லை.

எறிகணை முற்றாக வெடிக்குமாயின் அதன் வெடிமருந்து ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோகும். எஞ்சுவது மிகச் சொற்பமே. இதனை ஆய்வாளர் வெண்பனி மூடிய தரையில் குண்டுகளை வெடிக்கச் செய்து, கரிபடிந்த பனியைத் திரட்டி அளந்து நிறுவினர். கேடு விளைப்பவை அரைகுறையாய் வெடித்தவையும், வெடியாது கிடந்து துருவேறிப் பிளந்தவையுமே. அவற்றிலிருந்து வெடிமருந்துத் துணுக்குகள் மண்ணிற் சிதறுகின்றன. பீரங்கி நிறுத்தப்பட்ட இடத்திலும் உந்துமருந்தின் எச்சமாக நைத்திரோகிளிசரீனும் இருநைத்திரோதொலுயீனும் படிகின்றன.

இப்பொருட்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ரி.என்.ரி. மண்ணின் நுண்ணுயிர்களால் உருமாற்றமுற்றுச் சேதனப் பொருளோடு பிணைந்து பெரிதும் அங்கேயே தங்கிவிடும். ஆர்.டி.எக்ஸ். மெல்லக் கரைந்தாலும் மணலில் ஒட்டாது. மழையோடு இறங்கி நிலத்தடி நீரைச் சென்றடையும். பேர்குளோரேற்றும் அத்தகையதே. முகாமின் அடியில் இவ்விரண்டுமே நீரிற் பரவியிருக்கக் காணப்பட்டன.

1997 இல் நடுவணரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கட்டளை பிறப்பித்து, பீரங்கிப் பயிற்சியையும் ஈயக்குண்டுப் பயிற்சியையும் நிறுத்தியது. குடிநீரைக் காக்கும் சட்டமொன்று படையினரின் துப்பாக்கியைத் தாழ்த்தச் செய்தமை அந்நாட்டு வரலாற்றிற் புதுமையாகும். பின்னர் நீரை இறைத்து, கிளர்த்திய கரியினூடாகவும் அயன்மாற்றுப் பிசினூடாகவும் செலுத்தித் தூய்மையாக்கும் பணி தொடங்கியது. எறிவதற்குச் சில நிமிடங்கள் போதுமானவற்றின் எச்சத்தை நீக்கப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

உலோகத்தின் கதை இதனிலும் விந்தையானது. ஈயத்துக்கு மாற்றாக, 1999 அளவில் தங்குதனும் நைலோனும் கலந்த குண்டுகள் புகுத்தப்பட்டன. தங்குதன் நீரிற் கரையாதது, ஆதலாற் தீங்கற்றது என்பதே அன்றைய நம்பிக்கை. அவை ‘பசுமைக் குண்டுகள்’ என்ற பெயரையும் பெற்றன. ஆனால் மண்ணிற் கிடந்த தங்குதன் ஒட்சியேற்றமடைந்து, கரையும் தங்குதேற்றாக மாறிக் கீழிறங்கியது. ஈயமோ பெரும்பாலும் மேல்மண்ணிலேயே சிறைப்பட்டுக் கிடப்பது! நச்செனத் தள்ளப்பட்ட உலோகத்தினும் அதன் மாற்று விரைந்து நடந்தது. ஆய்வுகூடத்திற் தூய நீரிற் கரையாத ஒன்று, காற்றும் ஈரமும் நிறைந்த மண்ணில் எங்ஙனம் நடந்துகொள்ளும் என்பது முன்கூட்டியே போதியளவு வினவப்படவில்லை எனல் வேண்டும். 2006 இல் நிலத்தடி நீரிற் தங்குதன் கண்டறியப்பட்டதும் அக்குண்டுகள் கைவிடப்பட்டன. 2007 இல் ஈயக்குண்டுகள் மீண்டும் அத்திடலுக்கு வந்தன. இம்முறை அவை மண்ணிற் புதையாதவாறு தாங்கிப் பிடிக்கும் பொறியமைப்பு இலக்கின் பின்னே நிறுவப்பட்டிருந்தது.