குப்பைன்னு நெனச்ச இடத்துல 25 எழுத்து

காசிமேட்டுல மீன் பெட்டி தூக்குற அண்ணன்களோட தோளைப் பாத்திருப்பீங்க. பாரம் ஏற ஏற தசை தடிக்கும். இதயமும் தசைதான். பிரஷர் ஏறினா அதுவும் கஷ்டப்பட்டுத் தள்ளணும், சுவர் தடிக்கும். ஆனா தோளுக்கு அது பலம். இதயத்துக்கு, ரத்தம் நிரம்புற இடம் சுருங்குது. சிலருக்குப் பிரஷரே இல்லாம, பரம்பரையாவே இப்படி ஆகும்.

ஜீனுக்குள்ள புரதம் செய்யுற குறிப்பு தொடர்ச்சியா இருக்காது. நடுநடுவுல இன்ட்ரான்னு துண்டுகள் வரும். ஆர்.என்.ஏ.வா நகலெடுத்ததும் செல் அதை வெட்டி எறிஞ்சிடும். ரொம்ப நாள் பலர் இதைக் குப்பைன்னே சொன்னாங்க. கோட்ல வர்ற கமென்ட் மாதிரின்னு நானும் நெனச்சேன்.

1993-ல விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுல, புரதமே செய்யாத குட்டி ஆர்.என்.ஏ. ஒண்ணு வேற ஜீனை அடக்குறதைக் காட்டினாங்க. நோபல் வர 2024 ஆச்சு! 2007-ல எரிக் ஓல்சன் குழு, இதயத் தசையோட மயோசின் ஜீன்ல, அதுவும் ஒரு இன்ட்ரானுக்குள்ள, மிர்-208-ங்கிற குட்டி ஆர்.என்.ஏ. ஒளிஞ்சிருக்கிறதைப் பத்தி எழுதினாங்க. அதை எடுத்துட்ட எலிகளுக்குப் பாரம் ஏத்தியும் இதயம் பெருசா தடிக்கல. அதே வருஷம் இன்னொரு குழு மிர்-133-ஐ அடக்கிப் பாத்துச்சு. எலி இதயம் தடிச்சுது. ஒண்ணு ஆக்சிலரேட்டர், இன்னொண்ணு பிரேக்.

இப்ப நம்ம ஊர். MYBPC3-ன்னு எழுதுவாங்களே, இதயத் தசைக்கான அந்த ஜீனோட ஒரு இன்ட்ரான்ல 25 எழுத்து காணாம இருக்கிறது, 2003-ல இந்தியக் குடும்பங்கள்ல தெரிஞ்சுது. 2009-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோட தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யோட தங்கராஜ் இருந்த குழு, தெற்காசியர்கள்ல சுமார் 4% பேருக்கு இது இருக்குன்னு சொல்லுச்சு. அதாவது 25 பேர்ல ஒருத்தர். திருவொற்றியூர் பஸ்ல 50 பேர் இருந்தா சராசரியா ரெண்டு பேர். இங்க குட்டி ஆர்.என்.ஏ. எதுவும் இல்ல. வெட்டுறதுக்கான அடையாளம் கெடுறதால, பக்கத்துல இருக்கிற தேவையான துண்டையும் செல் சேத்து வெட்டிடுது. கமென்ட்டை அழிச்சதுக்கு பில்ட் உடைஞ்ச கதை.

பதறாதீங்க. இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, வந்தாலும் பெரும்பாலும் நடுத்தர வயசுலதான். அமெரிக்கத் தெற்காசியர்கள் மேல நடந்த ஆய்வு, கூடவே வர்ற இன்னொரு மாற்றத்துக்கும் பங்கு இருக்கும்னு சொல்லுது. ஆனா வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருந்து, "ஹார்ட் அட்டாக்"னு மட்டும் சொல்லி முடிச்சிருந்தா, அண்ணன் தங்கச்சிங்க ஒரு எக்கோ எடுத்துப் பாருங்க. வேற காரணம் இல்லாம சுவர் 15 மி.மீ. தொட்டா டாக்டர் சந்தேகப்படுவார். நோய் உறுதியான குடும்பம்னா 13-லயே.