ஜேசிபி, கிரேன் ஆபரேட்டர் ஆக என்ன வழி?

ஜேசிபி, பொக்லைன், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு உள்ளூரிலும் வளைகுடாவிலும் வேலை இருக்கிறது. பெரிய படிப்பு தேவையில்லை; முறையான பயிற்சி தேவை. அதற்கு மூன்று வழிகள்:

1. பயிற்சி மையம்: குறுகிய காலப் படிப்பு. பணம் கட்டும் முன், பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் மிஷின் ஓட்டுவான் என்று கேளுங்கள். வகுப்பறையில் மட்டும் படித்து வாங்கிய சான்றிதழ் சைட்டில் உதவாது.

2. ஐ.டி.ஐ.: டீசல் மெக்கானிக் பிரிவில் சேரலாம். பழுது பார்க்கவும் தெரிந்த ஆபரேட்டருக்கு மதிப்பு அதிகம்.

3. ஹெல்பர்: அனுபவமுள்ள ஆபரேட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்பது. செலவில்லை, ஆனால் பிறகு லைசென்ஸும் சான்றிதழும் எடுத்தே ஆகவேண்டும்.

18 வயது நிரம்பாதவரை சாலையில் ஓட்ட விடாதீர்கள்.

வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு: பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா வேலைக்குச் செல்ல அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயம். எனவே முதலில் பத்தாம் வகுப்பை முடிக்க வையுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்பவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.